மேற்கத்திய அறிஞர்கள் பார்வையில் நபிகள் நாயகம்: ஒரு தொடக்க விளக்கம்

மீலாது மேடையில் ஒருவர் "மேற்கத்திய அறிஞர்களே நபிகளைப் போற்றியிருக்கிறார்கள்" என்று பேசுவார். அதே வாரம் வாட்ஸ்அப்பில் வேறொரு துண்டு சுற்றும்: "மேற்கத்திய ஆய்வாளர்களே அம்பலப்படுத்திவிட்டார்கள்." இருவருக்கும் ஒரே நினைப்புதான். மேற்கத்திய அறிஞர்கள் என்று ஒரு கட்சி இருக்கிறது, அதற்கு ஒரே கருத்துதான் உண்டு என்பது அந்த நினைப்பு. நாம் பேசுவதோ ஏறக்குறைய 1,300 ஆண்டுகளின் எழுத்தைப் பற்றி. அந்தக் கூட்டத்தில் டமாஸ்கஸ் இறையியலாளர் ஒருவர் உண்டு, பாரிஸ் நாடகாசிரியர் உண்டு, 1857 கிளர்ச்சியின்போது ஆக்ராவில் உளவுப் பிரிவை நடத்திய ஆங்கிலேய அதிகாரியும் உண்டு. இவர்களை ஒரே தட்டில் வைக்க முடியாது.

இவர்களில் யாரைப் படித்தாலும் இரண்டு கேள்விகள் போதும். எழுதியவர் கையில் என்ன மூலம் இருந்தது? அதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் என்ன? எழுதியவருடைய மனம் நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சியைவிட இந்த இரண்டும் அதிகம் சொல்லும்.

ஒரு நிலத் தகராறு

தாத்தா காலத்து நில வழக்கு ஒன்று கோர்ட்டுக்கு வருகிறது என்று வையுங்கள். தாத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முதல் வக்கீல் எதிர்த்தரப்பு வீட்டில் மட்டும் விசாரித்துவிட்டு எழுதுகிறார். இரண்டாமவர் குடும்பப் பெட்டியில் கிடந்த காகிதங்களை எல்லாம் படிக்கிறார். ஆனால் குடும்பத்துக்குப் பாதகமான வரிகளைத்தான் அப்படியே நம்புகிறார், "தனக்கே கெடுதலாக எவன் பொய் எழுதுவான்?" என்பது அவர் வாதம். மூன்றாமவர் தேதியைப் பார்த்து, "இதெல்லாம் பேரன் காலத்தில் எழுதியது, தூக்கிப் போடு" என்கிறார். நான்காமவர், எந்தச் சேதியை யார் யாரிடம் கேட்டுச் சொன்னார்கள் என்று ஆள் ஆளாகப் பின்னோக்கிப் போகிறார்.

மேற்கத்திய எழுத்தும் கிட்டத்தட்ட இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது.

பெட்டிக்குள் என்ன காகிதம் இருக்கிறது?

நபிகள் நாயகம் மறைந்தது 632-இல். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சொல்லும் நூல் வகைக்கு சீறா என்று பெயர். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் இருப்பது இதே சீறாதான். நமக்குக் கிடைக்கும் பழைய சீறாக்களில் முதன்மையானது, மதீனாவில் பிறந்து சுமார் 767-இல் இறந்த இப்னு இஸ்ஹாக் தொகுத்தது. அதுவும் நேராகக் கிடைக்கவில்லை. 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த இப்னு ஹிஷாம் சுருக்கித் திருத்திய வடிவமே முக்கியமாக நம் கைக்கு வந்திருக்கிறது. அடுத்து வாகிதி, இப்னு சஅத், 923-இல் இறந்த தபரி ஆகியோரின் நூல்கள்.

நபிகளின் சொல்லையும் செயலையும் தனித்தனிச் செய்தியாகச் சொல்வது ஹதீஸ். ஒவ்வொரு ஹதீஸுக்கும் இரண்டு பாகம் உண்டு. "இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார்" என்று வரும் அறிவிப்பாளர் தொடர் இஸ்னாத். அதன் பிறகு வரும் செய்தி மத்ன். இந்த இரண்டு பெயரும் நினைவில் இருக்கட்டும், கட்டுரையின் கடினமான பகுதிக்கு இவைதான் சாவி.

சுருக்கமாக: குர்ஆன் தவிர, விரிவான எழுத்து மூலங்கள் சம்பவங்களுக்கு நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்டவை. அவற்றுள் அதைவிடப் பழைய செய்திகள் இருக்கின்றன. எது பழையது என்பதில்தான் சண்டையே.

எதிர்த்தரப்பை மட்டும் விசாரித்த காலம்

8-ஆம் நூற்றாண்டில் எழுதிய டமாஸ்கஸ் யோவானின் குடும்பம் கலீபாக்களின் நிர்வாகத்தில் வேலை பார்த்தது. அவருக்கு முஸ்லிம்களை நேரில் தெரியும். இருந்தும் இஸ்லாத்தைத் தனி மதமாகக் கொள்ளாமல், கிறிஸ்தவத்திலிருந்து வழிதவறியவற்றின் பட்டியலில் சேர்த்தார். நபிகள் ஒரு கிறிஸ்தவத் துறவியிடம் பேசிக் கற்றுக்கொண்டார் என்றும் எழுதினார். முஸ்லிம் மரபிலும் ஒரு துறவி உண்டு; சிரியாவுக்கு வணிகக் கூட்டத்தோடு போன சிறுவரை வருங்கால நபி என்று அடையாளம் கண்ட பஹீரா. ஒரு தரப்பில் சாட்சியாக நிற்பவரை மறுதரப்பு வாத்தியாராக்கிவிட்டது. இரண்டு தரப்பும் வெகுகாலம் இதே ஆளை வைத்து வாதாடின.

யோவானுக்காவது நேரடிப் பழக்கம் இருந்தது. மேற்கு ஐரோப்பாவுக்கு அதுவும் இல்லை. பிரெஞ்சு வீரகாவியமான ரோலந்தின் பாடலில் முஸ்லிம்கள் சிலை வணங்குகிறார்கள், அந்தச் சிலைகளில் ஒன்று நபிகளுடையது! உருவ வணக்கத்தை அடியோடு மறுத்த ஒருவரைப் பற்றி இப்படி எழுத, மூலம் எதையும் பார்க்காமல் இருந்தால்தான் முடியும்.

க்ளூனி மடத்தின் தலைவர் பீட்டர் ஏற்பாட்டில் 1143-இல் கெட்டனைச் சேர்ந்த ராபர்ட் குர்ஆனை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். மறுப்பதற்காகத்தான் மொழிபெயர்த்தார்கள். ஆனாலும் மறுக்க வேண்டுமென்றால் முதலில் படிக்க வேண்டும் என்ற நிலை அங்கே தொடங்கியது. அது அச்சேற நானூறு ஆண்டு ஆயிற்று: 1543, பாசல் நகரம், மார்ட்டின் லூதரின் முன்னுரையோடு.

அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் வந்தவற்றில் பெரும்பகுதி ஐரோப்பியரின் வீட்டுச் சண்டை. 1697-இல் ஹம்ப்ரி பிரிடோ நபிகளை ஏமாற்றுக்காரர் என்று எழுதினார். அவர் அடிக்க நினைத்தது, வேத வெளிப்பாட்டை நம்பாத இங்கிலாந்துச் சிந்தனையாளர்களை. 1730-இல் வெளிவந்த பூலென்வில்லியேயின் நூல் நபிகளைப் பகுத்தறிவுள்ள சட்டமியற்றுநராகப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியில் திருச்சபைக்கு ஓர் இடி இருந்தது. வோல்தேர் 1741-இல் மேடையேற்றிய நாடகத்தில் நபிகள் கொடூரமான வெறியர். பார்த்தவர்கள் பலருக்கு அது தங்கள் ஊர்ப் பாதிரிகள் மேல் விழுந்த அடியாகவே பட்டது. அரபு மூலத்தைத் தேடிப் பார்க்கும் அவசரம் இவர்களில் யாருக்கும் இருக்கவில்லை. 1734-இல் ஜார்ஜ் சேல் செய்த ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பும் அதன் நீண்ட முன்னுரையும் விதிவிலக்கு, நிதானமாக எழுதப்பட்டவை.

ஒரு "நோய்" பயணம் செய்த கதை

ஒரு கூற்று எப்படி உயிர் பிழைக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம், நபிகளுக்கு வலிப்பு நோய் இருந்தது என்ற பேச்சு. இன்றும் இணையத்தில் அது "மருத்துவ ஆய்வு" என்ற பெயரில் வருகிறது.

எழுத்தில் இதைப் பிரபலமாக்கியவர் பைசாந்தியத் துறவி தியோஃபனஸ். 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தன் ஆண்டுக்குறிப்பில், நபிகளுக்கு வலிப்பு இருந்தது, அதை மறைக்கவே வானவர் வருவதாகச் சொன்னார் என்று எழுதினார். 870-களில் அனஸ்தாசியுஸ் இந்த நூலை லத்தீனுக்குப் பெயர்த்தார். அதன் வழியே ஐரோப்பாவெங்கும் பரவியது. 1788-இல் கிப்பன் தன் ரோம வரலாற்றில், இது கிரேக்கர்கள் கிளப்பிய அபத்தமான அவதூறு என்று ஒதுக்கினார். அத்தோடு செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அரபு மூலங்கள் கைக்கு வந்ததும் வேறு வேடத்தில் எழுந்தது. வஹீ, அதாவது இறைச்செய்தி, வரும்போது மணியோசை போலக் கேட்கும் என்றும், கடுங்குளிரிலும் நெற்றியில் வியர்வை வழியும் என்றும் நபிகளின் மனைவி ஆயிஷா அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. இதை வைத்து ஜெர்மானியர் குஸ்டாவ் வைல் வலிப்பு என்றார். கிழக்கிந்தியக் கம்பெனியில் டாக்டராக வந்த ஆஸ்திரியர் அலாய்ஸ் ஸ்ப்ரெங்கர் ஹிஸ்டீரியா என்றார். நோயாளியை டாக்டர் பார்த்ததில்லை. பார்த்தது, பல தலைமுறை வாய்வழி வந்து பக்தியோடு எழுதப்பட்ட ஒரு வர்ணனை. அதை நோயறிகுறிப் பட்டியலாக வாசித்ததுதான் இதில் நடந்த தவறு. 20-ஆம் நூற்றாண்டில் எடின்பரோவின் மாண்ட்கமரி வாட், இறுதிவரை நிர்வாகம், போர், ஒப்பந்தம் என்று தெளிந்த அறிவோடு இயங்கிய ஒருவருக்கு இந்த நோய்க்கதை பொருந்தாது என்று தள்ளினார்.

கவனிக்க வேண்டியது: கூற்று அதேதான், ஆதாரம் மட்டும் நடுவில் மாறிவிட்டது. முதலில் எதிரியின் வசை, பிறகு நண்பரின் வர்ணனை.

பெட்டி திறந்தது, அளவுகோல் கோணலானது

1858–60-இல் வூஸ்டன்ஃபெல்ட், இப்னு ஹிஷாமின் அரபு மூலத்தை கோட்டிங்கன் நகரில் பதிப்பித்தார். இந்தியாவிலும் கையெழுத்துப் பிரதிகள் தேடிப் பிடிக்கப்பட்டன. அந்தக் காலத்தின் பெரிய பெயர் வில்லியம் மியூர். மேலே சொன்ன ஆக்ரா அதிகாரி, பின்னாளில் வடமேற்கு மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர். 1858 முதல் 1861 வரை நான்கு தொகுதிகளாக நபிகளின் வரலாற்றை எழுதினார். ஃபாண்டர் என்ற மிஷனரியின் தூண்டுதலால் எழுதத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

மியூர் சோம்பேறி அல்ல; அரபு நூல்களைக் கரைத்துக் குடித்தவர். பிரச்சினை அவர் அளவுகோலில் இருந்தது. நபிகளுக்குக் குறைவு தரும் செய்தி உண்மையாகத்தான் இருக்கும், முஸ்லிம்கள் அதைப் புனைந்திருக்க மாட்டார்கள் என்பது அவர் விதிகளில் ஒன்று. வரலாற்றாய்வில் இதைச் சங்கட அளவுகோல் எனலாம். கேட்க நியாயமாக இருக்கும். மாட்டிக்கொள்ளும் இடம் எது என்றால், யாருக்குச் சங்கடம்? விக்டோரியா காலத்து ஆங்கிலேயருக்கு நெருடிய செய்தி, 8-ஆம் நூற்றாண்டு மதீனாக்காரருக்குப் பெருமையாகவோ சாதாரணமாகவோ இருந்திருக்கலாம். உமையா, அப்பாசிய ஆட்சி வம்சங்கள், ஷியா பிரிவினர் ஆகிய தரப்புகள் ஒன்றையொன்று குத்தவும், சட்ட அறிஞர்கள் ஒரு விதியை நிலைநாட்டவும் செய்திகள் உருவான காலம் அது. "கெட்டதெல்லாம் உண்மை, நல்லதெல்லாம் புனைவு" என்று வைத்தால் முடிவு முன்கூட்டியே தயார். பெய்ரூட்டில் இருந்த ஏசு சபைத் துறவி ஹென்றி லாமென்ஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை எல்லைக்கே கொண்டுபோனார்.

மியூருக்குப் பதில் எழுத சர் சையது அகமது கான் 1869-இல் லண்டன் போனார். அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் கட்டுரைத் தொகுதி வெளியிட்டார். 1873-இல் சையது அமீர் அலியும் எழுதினார். இன்று நம்மூர் மேடைகளில் கேட்கும் பல வாதங்களின் வேர் இந்தப் பதில்களில் இருக்கிறது. எட்வர்ட் சயீத் 1978-இல், கிழக்கைப் பற்றிய ஐரோப்பிய அறிவும் ஆட்சியும் கைகோத்து நடந்தன என்று வாதிட்டபோது மனதில் வைத்திருந்ததும் மியூர் போன்றவர்களைத்தான். ஆனால் சயீத் பெயரைச் சொல்லி ஒரு அரபுப் பதிப்பையும் ஒரு அவதூறையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிவது எனக்கு உடன்பாடில்லை.

ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் பற்றி ஒரு வார்த்தை. 1840 மே 8-இல் லண்டனில் அவர் ஆற்றிய உரை, நபிகள் ஏமாற்றுக்காரர் என்ற பழைய வாதத்தை வெளிப்படையாகத் தூக்கி எறிந்தது; நேர்மையான மாமனிதர் என்றது. நம் மேடைகளுக்குப் பிடித்த மேற்கோள். அதே உரையில் குர்ஆன் படிக்கச் சலிப்பூட்டும் குழப்பம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அது மேடைக்கு வருவதில்லை.

தேதியைப் பார்த்துத் தள்ளியவர்கள்

ஹங்கேரிய யூதரான இக்னாஸ் கோல்ட்சிஹர், கெய்ரோ அல்-அஸ்ஹரில் படித்தவர், இஸ்லாத்தின் மேல் மதிப்புள்ளவர். 1890-இல் அவர் சொன்னது இதுதான்: பல ஹதீஸ்கள் நபிகளின் காலத்தைவிடப் பின்னால் வந்த இரண்டு நூற்றாண்டுகளின் விவாதங்களையே காட்டுகின்றன. இட்டுக்கட்டிய ஹதீஸ்கள் உண்டு என்பது முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. புகாரி போன்ற ஹதீஸ் தொகுப்பாளர்கள் அறிவிப்பாளர்களை எடைபோட்டுப் பொறுக்கியதே அதனால்தான். அந்தப் பொறுக்கல் போதுமா என்பதே கோல்ட்சிஹரின் சந்தேகம். 1950-இல் ஜோசப் ஷாக்ட் இன்னும் மேலே போய், இஸ்னாத்கள் காலப்போக்கில் பின்னோக்கி வளர்க்கப்பட்டன என்றார். இவருக்கு எதிராக முஸ்தபா அஃஸமி 1966-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் ஆய்வேடு சமர்ப்பித்தார். பதிலும் ஒரு மேற்கத்தியப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வந்தது!

இடையில் வாட், 1953, 1956 ஆண்டுகளில் இரண்டு நூல்களில் வேறு கேள்வி கேட்டார்: மக்காவின் சமூகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? வணிகச் செல்வம் குலக்கட்டை உடைத்தது, அநாதைகளும் எளியவர்களும் கைவிடப்பட்டார்கள், அந்தச் சூழலில் இந்தச் செய்தி எழுந்தது என்பது அவர் படம். பட்ரிசியா கிரோன் 1987-இல் அந்தப் பெருவணிகத்துக்கே ஆதாரம் மெலிவு என்று அடித்தளத்தை அசைத்தார்.

கிரோனும் மைக்கேல் குக்கும் சேர்ந்து 1977-இல் எழுதிய நூல் முஸ்லிம் மூலங்களை ஒதுக்கிவிட்டு, அக்காலத்துக் கிரேக்க, சிரியாக், ஆர்மீனிய எழுத்துகளைக் கொண்டே வரலாற்றைக் கட்டப் பார்த்தது. ஜான் வான்ஸ்பரோ, குர்ஆன் இறுதி வடிவம் பெற்றதே சுமார் 800 வாக்கில்தான் என்றார். இணையத்தில் "ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள்" என்று வருபவற்றில் நிறைய, இந்த ஐம்பது ஆண்டுப் பழைய சரக்கு.

அதன் பிறகு நடந்ததை அந்தத் துண்டுகள் சொல்வதில்லை. பிர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் குர்ஆன் ஏடுகளின் தோலுக்கு 2015-இல் வெளியான கதிரியக்கக் கரிமத் தேதி 568–645, நிகழ்தகவு 95.4 சதவீதம். (இது ஆடோ கன்றோ செத்த காலம், மை தொட்ட காலம் அல்ல. "நபிகள் பிறப்பதற்கு முன்பே எழுதியது" என்று இதை வைத்துப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள்.) 640 வாக்கில் தாமஸ் என்ற சிரியாக் பாதிரி, 634 பிப்ரவரியில் காஸாவுக்குக் கிழக்கே ரோமர்களும் "முஹம்மதின் அரபியரும்" மோதியதைக் குறித்திருக்கிறார். 660-களின் ஆர்மீனிய நூலான செபெயோஸ், முஹம்மதை வணிகர் என்றும் ஆபிரகாமின் கடவுளைப் போதித்தவர் என்றும் சொல்கிறது. நபிகள் வரலாற்றில் வாழ்ந்தவர் என்பதில் ஐயமில்லை என்று கிரோனே பின்னாளில் எழுதினார்.

சுருக்கமாக: 1977-இன் ஐயவாதம் முடிவாக நிலைக்கவில்லை. ஆனால் "மூலத்தின் தேதி என்ன?" என்ற அதன் கேள்வி நிலைத்துவிட்டது.

ஆள் ஆளாகப் பின்னோக்கி: ஹிரா குகைச் செய்தி

இன்று பலர் பயன்படுத்தும் முறை, இஸ்னாதையும் மத்னையும் சேர்த்தே ஆராய்வது. ஹரால்ட் மொட்ஸ்கியும் கிரிகோர் ஷோலரும் வளர்த்தது. ஹிரா குகையில் முதல் வஹீ வந்த செய்தியை எடுத்துக்கொள்வோம். ஷோலர் 1996-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்த செய்தி இது.

முதல் வேலை, எல்லா வடிவங்களையும் திரட்டுவது. புகாரியில் வரும் தொடர்: யஹ்யா இப்னு புகைர், லைஸ், உகைல், இப்னு ஷிஹாப் ஸுஹ்ரி, உர்வா, ஆயிஷா. அப்துர் ரஸ்ஸாக்கின் தொகுப்பில் மஅமர், ஸுஹ்ரி, உர்வா, ஆயிஷா. இரண்டு தொடரையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் 742-இல் இறந்த ஸுஹ்ரியிடம் வந்து கூடுகின்றன. இப்படிப் பல கிளைகள் கூடும் ஆளுக்குப் பொதுக் கண்ணி என்று பெயர். ஷாக்ட் வழியினர் பொதுக் கண்ணியையே செய்தியை உருவாக்கியவராகப் பார்த்தார்கள். மொட்ஸ்கியோ அவரைச் செய்திகளைத் திரட்டி மாணவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தவராகப் பார்க்கிறார்.

அடுத்து மத்னை ஒப்பிட வேண்டும். உகைல் வழி வந்தவை தங்களுக்குள் நெருக்கமாகவும், மஅமர் வழி வந்தவற்றிலிருந்து சொல்லிலும் வரிசையிலும் கொஞ்சம் விலகியும் இருந்தால், இரண்டு மாணவர்களும் ஒரே ஆசிரியரிடம் தனித்தனியே கேட்டார்கள் என்று நம்பலாம். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் சந்தேகம் வர வேண்டும்: யாரோ ஒருவர் மற்றவருடையதை எடுத்துப் புதுத் தொடர் ஒட்டியிருக்கலாம். முழுக்க வேறாக இருந்தால் ஒரே ஊற்று என்ற பேச்சே இல்லை.

இப்னு இஸ்ஹாக்கின் வடிவம் வேறு வழியில், உபைத் இப்னு உமைர் என்பவரிடமிருந்து வருகிறது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் கேட்டபோது அவர் இதைச் சொன்னதாகக் குறிப்பு. அதில் நபிகள் உறங்கும்போது, எழுத்து உள்ள பட்டுத்துணியோடு வானவர் ஜிப்ரீல் வருகிறார். ஸுஹ்ரி வடிவத்தில் உறக்கமும் இல்லை, துணியும் இல்லை. "ஓதுவீராக" என்ற கட்டளையும் இறுக்கி அணைப்பதும் இரண்டிலும் உண்டு. அந்த அப்துல்லாஹ்வின் தம்பிதான் உர்வா; தாய் அஸ்மா, ஆயிஷாவின் அக்கா. ஆக, இரண்டு வழியும் ஒரே ஸுபைர் குடும்ப வட்டத்தைத் தொடுகின்றன. கதையின் பழைய வடிவம் 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அங்கே புழங்கியது என்பது ஷோலரின் முடிவு.

இந்த முறையின் எல்லை அங்கேயே நின்றுவிடுகிறது. செய்தி எந்தத் தலைமுறையில் புழங்கியது என்று சொல்லும். குகையில் நடந்தது என்ன என்று சொல்லாது. வஹீ இறைவனிடமிருந்து வந்ததா என்பது இந்தக் கருவி தொடக்கூடிய கேள்வியே அல்ல. "ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று மகிழ்கிறவரும் "ஆய்வு மறுத்துவிட்டது" என்று குதிப்பவரும் இதைத்தான் கலக்கிக்கொள்கிறார்கள்.

மேற்கோள் கைக்கு வந்தால்

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1858-க்கு முந்தைய ஐரோப்பியர் என்றால் இப்னு ஹிஷாமின் அச்சிட்ட அரபுப் பதிப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. கையெழுத்துப் பிரதியா, லத்தீன் மொழிபெயர்ப்பா, வெறும் கேள்விஞானமா என்று பார்க்க வேண்டும். 1890-க்கு முந்தியவர் என்றால் கோல்ட்சிஹரின் கேள்வியை அவர் சந்தித்திருக்க மாட்டார். 1977-ஐ ஒட்டியது என்றால் அதற்கு வந்த பதில்களையும் தேடிப் படிக்க வேண்டும்.

பிறகு ஆளைப் பாருங்கள். அரபு படித்தவரா, ஹதீஸ் தொடரைக் கையாளத் தெரிந்தவரா? உலகில் அதிகம் செல்வாக்குச் செலுத்திய நூறு பேரில் நபிகளை முதலிடத்தில் வைத்த மைக்கேல் ஹார்ட்டின் 1978-ஆம் ஆண்டு நூல், தமிழ் மேடைகளில் "மேற்கத்திய அறிஞரின் தீர்ப்பு" என்று வலம் வருகிறது. ஹார்ட் வானியற்பியல்காரர். அவர் வரிசைப்படுத்தியது செல்வாக்கை. நபிகளின் வரலாற்று மூலங்கள் எதையும் அவர் புதிதாக ஆராயவில்லை. வலிப்பு என்று எழுதும் இன்றைய டாக்டருக்கும் இதே விதி பொருந்தும்.